சிவப்புல போனா ஜெயிலா பாஸ்?

காந்திபுரத்துல பஸ் ஏறி சரவணம்பட்டியில இறங்குங்க. அங்கிருந்து கீரணத்தம் பக்கமா கொஞ்ச தூரம் போனா ஃபாரின் வந்துடும். பாஸ்போர்ட் வேண்டாம், விசா வேண்டாம். ஷேர் ஆட்டோவுக்குச் சில்லறை இருந்தா போதும்.

சிரிக்காதீங்க, சட்டம்தான் அப்படிச் சொல்லுது. 'சில்'னு நாம செல்லமா கூப்பிடற ஐ.டி. பார்க், பக்கத்துல கே.ஜி.ஐ.எஸ்.எல். வளாகம், ரெண்டுலயும் சிறப்புப் பொருளாதார மண்டலம் இருக்கு. 2005-ல வந்த சிறப்புப் பொருளாதார மண்டலச் சட்டத்தோட 53-வது பிரிவு, அந்த கேட்டுக்கு உள்ளே இருக்கற இடத்தை இந்தியாவோட சுங்க எல்லைக்கு வெளியே இருக்கற நிலமா எடுத்துக்கணும்னு சொல்லுது. அங்க இருந்து ஒரு பொருளை வெளியே வித்தா அது 'இறக்குமதி' கணக்குல வரும். அதனாலதான் உள்ளே வேலை பார்க்கற நம்ம சீனியர்ங்க ஆபீஸ் லேப்டாப்பை வெளியே எடுக்கறப்ப கேட்ல பேப்பரைக் காட்டிட்டு நிக்கறாங்க. 2020-ல கொரோனா வந்து எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பினப்ப, கம்ப்யூட்டரை வீட்டுக்கு எடுத்துட்டுப் போகவே தனியா அனுமதி வாங்க வேண்டி இருந்துச்சு. டீக்கடை இந்தியாவுல, அதுக்கு எதிர்த்த காம்பவுண்ட் 'வெளிநாட்டுல'.

ரெண்டு வருஷமா அந்த கேட்டைத் தாண்டித்தான் காலேஜுக்குப் போய் வந்துட்டு இருந்தேன். கஸ்டம்ஸ்னா என்னன்னு ஒரு நாள்கூட யோசிச்சது இல்லை. எங்க டிரோன் மாட்டற வரைக்கும்.

ஒரு டிரோனும் நாலு பேரும்

செகண்ட் இயர் மினி புராஜெக்ட். எங்க டீம்ல நாலு பேர். தென்னந்தோப்புக்கு மேல பறந்து, எந்த மரத்துல பூச்சி விழுந்திருக்குன்னு போட்டோ எடுத்துச் சொல்ற டிரோன் பண்றோம்னு சார்கிட்ட பெருமையா எழுதிக் கொடுத்துட்டோம். பொள்ளாச்சிப் பக்கத்துப் பையன் ஒருத்தன் டீம்ல இருந்தா இப்படித்தான் ஐடியா வரும்! நாங்களே அசெம்பிள் பண்றதாத்தான் பிளான். ஆனா செமஸ்டர் போன வேகத்துல ஒரு மோட்டார்கூட வாங்கலை.

அப்பத்தான் டீம்ல இருக்கற ஒருத்தனோட அண்ணன், சிங்கப்பூர்ல வேலை பார்க்கறவர், பொங்கலுக்கு ஊருக்கு வர்றதா சொன்னார். "அங்க கடையில நல்ல டிரோன் கிடைக்குதுடா, நான் வாங்கிட்டு வர்றேன்"னார். நாலு பேரும் காசு போட்டு அனுப்பினோம். நான் போட்டது என் அம்மாயி காலேஜ் சேரும்போது கொடுத்த பணம்.

அண்ணன் தமிழ்நாட்டுல ஒரு ஏர்போர்ட்ல வந்து இறங்கினார். பெட்டியை எடுத்தார். முன்னாடி ரெண்டு வழி. பச்சை போர்டு, சிவப்பு போர்டு. எல்லாரும் பச்சையில போனாங்க, இவரும் போனார். எக்ஸ்ரே மெஷின்ல நாலு இறக்கையும் தெளிவாத் தெரிஞ்சுது. "பெட்டியைத் திறங்க"ன்னாங்க.

டிரோன் போச்சு. அதுக்கு மேல அபராதம். பொங்கலன்னிக்கு அண்ணன் வீட்டுல வாசல்ல கோலம் இருந்துச்சு, உள்ளே யாரும் பேசலை. நாங்க நாலு பேரும் போய் நின்னப்ப அவங்க அம்மா, "ஏனுங் கண்ணு, அந்த வண்டு மாதிரி பொம்மைக்காகவா எம் பையனை அத்தனை நேரம் உக்கார வெச்சாங்க?"ன்னு கேட்டாங்க. பதில் சொல்லத் தெரியலை.

அப்புறம்தான் படிச்சேன். 1962-ம் வருஷத்துச் சுங்கச் சட்டம், அதோட பேக்கேஜ் விதிகள், வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகத்தோட அறிவிப்புகள். அவிநாசி ரோட்டுல கிளியரிங் ஏஜென்டா இருக்கற தெரிஞ்ச மாமா ஒருத்தர்கிட்ட ரெண்டு சாயங்காலம் உக்காந்து சந்தேகம் கேட்டேன். அரியர் பேப்பருக்குக்கூட இவ்வளவு படிச்சது இல்லை.

80-வது பிரிவு

முதல்ல டிரோன். 2022 பிப்ரவரி 9-ம் தேதி முழு டிரோன் இறக்குமதியை மத்திய அரசு தடை பண்ணிடுச்சு. முழுசா இருந்தாலும் சரி, பாதி கழட்டினதா இருந்தாலும் சரி, சுத்தமா கழட்டி டப்பாவுல போட்டதா இருந்தாலும் சரி. பாதுகாப்பு, ஆராய்ச்சி மாதிரி சில தேவைகளுக்கு மட்டும் விலக்கு. அந்த விலக்கைப் படிக்கறப்பத்தான் நெஞ்சு வலிச்சுது. மத்திய, மாநில அரசு அங்கீகாரம் பெற்ற கல்வி நிறுவனங்கள் ஆராய்ச்சிக்காக அனுமதி வாங்கிக் கொண்டு வரலாமாம். அதாவது எங்க காலேஜ் லெட்டர்பேட்ல முறைப்படி விண்ணப்பிக்க ஒரு கதவு இருந்திருக்கு. அது மட்டும் இல்லை, டிரோன் பாகங்களுக்கு அந்தத் தடையே இல்லை. மோட்டார், இறக்கை, ஃப்ரேம் எல்லாம் தனித்தனியா வாங்கி இருந்தா டூட்டி கட்டி எடுத்துட்டு வந்திருக்கலாம். ரேடியோ டிரான்ஸ்மிட்டருக்கு மட்டும் ஒயர்லெஸ் அனுமதி விவகாரம் தனியா இருக்கு.

சரி, அது தெரியாமப் போச்சு. முழு டிரோனையே வாங்கிட்டார். ஏர்போர்ட்டுக்கும் வந்துட்டார். அப்பக்கூட ஒரு வழி இருந்துச்சு பாருங்க!

சுங்கச் சட்டத்தோட 77-வது பிரிவு, பெட்டிக்குச் சொந்தக்காரர் உள்ளே என்ன இருக்குன்னு அதிகாரிகிட்ட சொல்லணும்னு சொல்லுது. ஒரே வரி. 80-வது பிரிவு அதோட தம்பி மாதிரி. வரி கட்ட வேண்டிய பொருளோ, தடை செய்யப்பட்ட பொருளோ உங்க பெட்டியில இருக்கு, அதை நீங்களே உண்மையாச் சொல்லிட்டீங்கன்னா, "இதை இங்கேயே வெச்சுக்கங்க, திரும்பிப் போறப்ப வாங்கிக்கறேன்"னு கேக்கலாம். அதிகாரி அதை வாங்கி வெச்சுக்கிட்டு, நீங்க நாட்டை விட்டுக் கிளம்பறப்ப திருப்பிக் கொடுக்கலாம். திருப்பிப் படிங்க. தடை செய்யப்பட்ட பொருளுக்கும் சேர்த்துத்தான் அந்தப் பிரிவு.

அண்ணன் பதினஞ்சு நாள் லீவுல வந்தவர். பதினாறாவது நாள் அதே ஏர்போர்ட் வழியா சிங்கப்பூருக்குத் திரும்பப் போனார். சிவப்பு வழியில போய், "சார், ஒரு டிரோன் இருக்கு, கொண்டு வரலாமான்னு தெரியலை"ன்னு சொல்லி இருந்தா, அந்த டிரோன் ஒரு ரசீதோட குடோன்ல பத்திரமா உக்காந்து பொங்கலைக் கொண்டாடிட்டு, அவரோடவே திரும்பிப் போயிருக்கலாம். கடையில கொடுத்துப் பணத்தைக்கூட கேட்டுப் பார்த்திருக்கலாம்.

"சிவப்புல போனா மாட்டிக்குவோம்னு நெனச்சேன்டா"ன்னார் அண்ணன். நம்மள்ல பாதிப் பேர் அப்படித்தான் நெனைக்கறோம். சினிமாவுல அப்படித்தானே காட்டினாங்க! கோட்டு போட்ட வில்லன், கையில சூட்கேஸ், கஸ்டம்ஸ்காரரைப் பார்த்ததும் வியர்வை. சிவப்பு போர்டைப் பார்த்தா குத்தவாளி கூண்டு ஞாபகம் வருது. நிஜத்துல சிவப்பு வழின்னா "எங்கிட்ட சொல்றதுக்கு ஒண்ணு இருக்கு"ன்னு அர்த்தம், அவ்வளவுதான். பச்சையிலதான் பாஸ் ரிஸ்க். பச்சையில கால் வெச்ச நொடி, வாயே திறக்காம, "எங்கிட்ட ஒண்ணும் இல்லை"ன்னு அரசாங்கத்துக்கு வாக்குமூலம் கொடுத்த மாதிரி ஆயிடுது. அதுக்கப்புறம் பெட்டியில இருந்து வெளியே வர்ற எதுவும் 'மறைச்ச பொருள்' ஆகிடும்.

ஏஜென்ட் மாமா சொன்னது இது: "தம்பி, வைவாவுல தெரியலைங்கன்னு சொன்னா மார்க் குறையும். தெரிஞ்ச மாதிரி நடிச்சா எக்ஸ்டர்னல் விட மாட்டாருங்க. அதே கதைதானுங்க."

பெட்டியில எவ்வளவு?

இப்ப கணக்குக்கு வருவோம். ரொம்ப வருஷமா எல்லாரும் மனப்பாடமா வெச்சிருந்தது 2016 பேக்கேஜ் விதிகள். துணிமணி மாதிரி சொந்த உபயோகத்துப் பொருள் போக, வாங்கிட்டு வர்ற சாமான்ல 50,000 ரூபாய் வரைக்கும் வரி இல்லை. 2026 பிப்ரவரி 2-ல இருந்து புது பேக்கேஜ் விதிகள் வந்துடுச்சு. இந்தியாவுல வசிக்கறவங்களுக்கும், இந்திய வம்சாவளியில வந்த சுற்றுலாப் பயணிகளுக்கும் அது 75,000 ரூபாய் ஆகிடுச்சு. வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணின்னா 25,000. இது விமானம், கப்பல்ல வர்றவங்களுக்கு. பதினெட்டு வயசு ஆனவங்க ஒரு லேப்டாப் தனியா கொண்டு வரலாம், அது இந்தக் கணக்குல சேராது. நமக்கு வேண்டியது அதானே!

ஆனா டி.வி.? பெரிய ஃப்ளாட் டி.வி.யை அட்டைப் பெட்டியோட கட்டிட்டு பாங்காக்ல இருந்தும் சிங்கப்பூர்ல இருந்தும் கூட்டம் கூட்டமா வந்து இறங்கின காலம் ஒண்ணு இருந்துச்சு. 2013 ஆகஸ்ட் 26-ல இருந்து அதுக்கு முற்றுப்புள்ளி. டி.வி. இந்த இலவசக் கணக்குக்குள்ள வராது, முழு விலைக்கும் டூட்டி. அதே மாதிரி மது 2 லிட்டர் வரைக்கும்தான். சிகரெட் 100. இ-சிகரெட், வேப்னு சொல்றாங்களே, அது ஒண்ணுகூட கூடாது. 2019-ல வந்த சட்டப்படி அதை இறக்குமதி பண்றது குற்றம். முதல் தடவைக்கே ஒரு வருஷம் வரைக்கும் சிறையோ, ஒரு லட்சம் வரைக்கும் அபராதமோ, ரெண்டுமோ. "எனக்கு ஒண்ணே ஒண்ணு வாங்கிட்டு வாடா"ன்னு துபாய் போற நண்பன்கிட்ட கேக்கற புண்ணியவான்கள் இந்த வரியை ரெண்டு தடவை படிக்கணும்.

தங்கம்தான் நம்ம ஊர்ல பெரிய சப்ஜெக்ட். ஒரு வருஷத்துக்கு மேல வெளிநாட்டுல இருந்துட்டு வர்ற பெண்கள் 40 கிராம், மத்தவங்க 20 கிராம் நகை வரியில்லாமக் கொண்டு வரலாம். 2016 விதியில இந்த எடைக்குக் கூடவே ஒரு விலை வரம்பும் ஒட்டி இருந்துச்சு. பெண்களுக்கு ஒரு லட்சம், ஆண்களுக்கு 50,000. கிராம் 10,000 ரூபாயைத் தாண்டின 2025-ல அந்த ஒரு லட்சத்துக்கு எவ்வளவு நகை வரும்? பத்து கிராம்கூட வராது. ஒரு பவுன் சொச்சம். சட்டம் ஒரு கையில 40 கிராம்னு எழுதிக் கொடுத்துட்டு, இன்னொரு கையில முக்கால்வாசியைப் பிடுங்கிக்கிச்சு! ஷார்ஜாவுல பல வருஷம் வேலை பார்த்துட்டு கழுத்துச் செயினோட வந்த எத்தனை அக்காக்களுக்கு இது புரிஞ்சிருக்கும்? 2026 விதிகள் அந்த விலை வரம்பை எடுத்துட்டு எடையை மட்டும் வெச்சிருக்கு. நல்ல காரியம், லேட்டா நடந்திருக்கு.

ஆனா ஒண்ணு. இந்தச் சலுகை ஒரு வருஷம் வெளிநாட்டுல இருந்தவங்களுக்கு மட்டும்தான். நாலு நாள் துபாய் டூர் போய்ட்டு வர்றவங்க அங்க வாங்கின வளையலைக் காட்டி "40 கிராம்தானுங்க"ன்னு சொன்னா நடக்காது. இங்க இருந்து போட்டுட்டுப் போற நகை நிறைய இருந்தா, கிளம்பறப்பவே கஸ்டம்ஸ்ல காட்டி ஏற்றுமதிச் சான்று ஒண்ணு வாங்கி வெச்சுக்கலாம். திரும்பி வர்றப்ப "இது அங்க வாங்கினதா, இங்க இருந்து போனதா"ங்கற வாக்குவாதம் வராது. விலை உயர்ந்த கேமராவுக்கும் இதே வழிதான்.

போட்டிருக்கற நகை 'பேக்கேஜ்' ஆகுமா? இந்தக் கேள்வி சென்னை உயர் நீதிமன்றம் வரைக்கும் போச்சு. சென்னை ஏர்போர்ட்ல இலங்கையில இருந்து வந்த புதுப்பெண் ஒருத்தரோட தாலிக்கொடியைக் கழட்டி வாங்கிட்டாங்க. 2025 தொடக்கத்துல தனி நீதிபதி அதைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி உத்தரவு போட்டார். தாலியைக் கழட்டச் சொன்ன விதத்தையும் கண்டிச்சார். படிக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்தப் பெண் 2023 கடைசியில பறிகொடுத்த தாலிக்கு 2025-லதான் உத்தரவு வந்துச்சு. அதனால "கோர்ட்டே சொல்லிடுச்சு"ன்னு கழுத்து நிறைய மாட்டிட்டுப் பச்சையில நடக்காதீங்க.

பணத்துக்கும் கணக்கு இருக்கு. வெளிநாட்டு நோட்டா 5,000 டாலருக்கு மேலயோ, டிராவலர்ஸ் செக் எல்லாம் சேர்த்து 10,000 டாலருக்கு மேலயோ இருந்தா வர்றப்பவே எழுதிக் கொடுக்கணும். கொண்டு வர்றது குற்றம் இல்லை, சொல்லாம விடறதுதான் குற்றம். மறுபடியும் அதே கதை. கிளம்பறதுக்கு முன்னாடியே போன்ல டிக்ளேர் பண்றதுக்கு 'அதிதி'ன்னு ஒரு ஆப்கூட 2019-ல விட்டாங்க.

கசகசா கேஸ்

நம்ம கோயமுத்தூர் ஏர்போர்ட்டுக்கு சர்வதேச அந்தஸ்து கிடைச்சது 2012-ல. பீளமேட்டுல இருந்து ஷார்ஜாவுக்கும் சிங்கப்பூருக்கும் நேரா பறக்கலாம். வர்ற பெட்டியைப் பத்தியே பேசறோம், போற பெட்டியை யாரும் யோசிக்கறது இல்லை. ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு கஸ்டம்ஸ் இருக்கே!

அமீரகத்துல கசகசா தடை. ஆமாங்க, குருமாவுல அரைச்சு ஊத்தற அதே கசகசாதான். அது வர்றது ஓபியம் செடியில இருந்து. அம்மா பாசமா கட்டிக் கொடுக்கற மசாலாப் பொட்டலத்துல அது இருந்தா, ஷார்ஜாவுல அது போதைப் பொருள் கேஸ். நம்ம ஊர் டாக்டர் எழுதிக் கொடுத்த சில வலி மாத்திரைகளுக்கும், தூக்க மாத்திரைகளுக்கும் அங்க முன் அனுமதி வேணும். சிங்கப்பூர்ல 1992-ல இருந்து சூயிங் கம் கொண்டு போகக் கூடாது. சிகரெட்டுக்கு அங்க சலுகையே கிடையாது. ஒரே பாக்கெட்டா இருந்தாலும் வரி கட்டணும். ஆஸ்திரேலியா போறவங்க ஊறுகாய், தேன், விதை எல்லாத்தையும் கார்டுல எழுதிக் கொடுத்துடணும். எழுதிக் கொடுத்தா அதிகபட்சம் பறிமுதல், மறைச்சா அபராதம்.

இதெல்லாத்தையும் விட மோசம் ஒண்ணு இருக்கு. கிளம்பற அன்னிக்குக் கடைசி நேரத்துல ஏர்போர்ட் வாசல்ல, "தம்பி, எங்க மச்சினன் அங்க இருக்கான், இந்த டப்பாவை மட்டும் கொடுத்துடு கண்ணு"ன்னு ஒருத்தர் நீட்டுவார். நம்ம ஊர் மரியாதைக்கு மாட்டேன்னு சொல்ல நாக்கு வராது. ஆனா பெட்டியைத் திறக்கறப்ப அந்த மச்சினன் பேரை யாரும் கேக்க மாட்டாங்க. பெட்டி டேக்ல உங்க பேர்தான் இருக்கும். மேல்படிப்புக்குப் போற நம்ம பசங்க இதுலதான் மாட்டறாங்க. "பெட்டியை மூடிட்டேனுங்க மாமா, எடை ஃபுல்"னு ஒரு சின்னப் பொய் சொல்லித் தப்பிச்சுக்கங்க. கஸ்டம்ஸ்காரர்கிட்டதான் பொய் சொல்லக் கூடாது, மாமாகிட்ட சொல்லலாம்.

ரோமாபுரி பில்

இந்த வரி நமக்குப் புதுசும் இல்லை. திருச்சி ரோட்டுல 'சுங்கம்' பஸ் ஸ்டாப்ல இறங்கற நாம, அது என்ன பேர்னு ஒரு தடவையாச்சும் கேட்டிருக்கோமா? சோழர்கள்ல முதலாம் குலோத்துங்கனுக்கு 'சுங்கம் தவிர்த்த சோழன்'னே பட்டம். வரியை எடுத்த ராஜாவை ஆயிரம் வருஷம் கழிச்சும் ஞாபகம் வெச்சிருக்கோம்னா, வரி எவ்வளவு கடுப்பேத்தி இருக்கும்னு பார்த்துக்கங்க.

அதுக்கும் முன்னாடி, சென்னிமலைப் பக்கம் கொடுமணல்ல கல்மணி செஞ்ச காலத்துல, கொங்குச் சரக்கு பாலக்காட்டுக் கணவாய் வழியா முசிறித் துறைமுகத்துக்குப் போய், அங்கிருந்து ரோமாபுரிக்குக் கப்பல் ஏறுச்சு. வெள்ளலூர்ல கிடைச்ச ரோமானிய நாணயங்கள் அந்த வியாபாரத்தோட சில்லறை. வியன்னாவுல ஆஸ்திரிய தேசிய நூலகத்துல ஒரு பாப்பிரஸ் தாள் இருக்கு. கி.பி. இரண்டாம் நூற்றாண்டு. முசிறியில இருந்து எகிப்துக்குப் போன 'ஹெர்மபோலோன்'ங்கற கப்பலோட சரக்குக் கணக்கு அதுல இருக்கு. ரோமானிய அரசு அதுக்குப் போட்ட சுங்கம் எவ்வளவு தெரியுமா? நாலுல ஒரு பங்கு. 25 சதவீதம்! நம்ம ஆளுங்க அப்பவே 'ரேட் ஜாஸ்திங்க'ன்னு புலம்பி இருப்பாங்க.

விக்கப் போறீங்களா?

அந்த வியாபார ரத்தம் நம்ம கிளாஸ்லயும் ஓடுது. ஹாஸ்டல்ல என் பக்கத்து ரூம் பையனுக்குச் சிறுமுகை. வீட்டுல பட்டு நெசவு. மலேசியாவுல இருக்கற சொந்தக்காரங்க கேட்டாங்கன்னு புடவை அனுப்ப ஆரம்பிச்சான். பார்சல்ல 'கிஃப்ட்'னு எழுதி, விலையை நூறு இருநூறுன்னு போட்டு அனுப்பறது. ரெண்டு பார்சல் போய்ச் சேர்ந்துச்சு. மூணாவது எங்கேயோ தொலைஞ்சுது. நஷ்டஈடு கேட்டப்ப, "நீங்க எழுதின விலை இருநூறுதானே"ன்னு சொல்லிட்டாங்க. பொய் விலை எழுதினா வரி மிச்சம்னு நெனைக்கறோம். பொருள் தொலைஞ்சா அந்தப் பொய் நமக்கே திரும்பி வருது.

ஒழுங்காப் பண்றதுக்கு ஆகற செலவு ஒரு பிரியாணி ட்ரீட்டை விடக் கம்மி. இறக்குமதி ஏற்றுமதிக் குறியீட்டு எண் ஒண்ணு வேணும், ஐ.இ.சி.ன்னு சொல்வாங்க. பான் கார்டு, பேங்க் அக்கவுன்ட் இருந்தா ஆன்லைன்லயே எடுக்கலாம். கட்டணம் 500 ரூபாய். கம்பெனி இருக்கணும்னு இல்லை, தனி ஆள் பேர்லயே எடுக்கலாம். வருஷா வருஷம் ஏப்ரல்ல இருந்து ஜூனுக்குள்ள விவரத்தை உறுதி பண்ணணும், மறந்தா எண் தூங்கிடும். கன்டெய்னர் கணக்குல அனுப்பறவங்களுக்கு இருகூர்ல சரக்குப் பெட்டக முனையம் இருக்கு. அங்க இருந்து தூத்துக்குடி, கொச்சின்னு துறைமுகத்துக்குப் போகும். நம்ம மாதிரி பத்துப் புடவைக்காரங்களுக்கு 2022-ல அஞ்சல் துறை ஆரம்பிச்ச 'டாக் கர் நிர்யாத் கேந்திரா' போதும். போஸ்ட் ஆபீஸ்லயே ஏற்றுமதி ஆவணத்தோட பார்சல் போடலாம்.

எனக்குப் பிடிச்ச ஏரியா ஹெச்.எஸ். கோடு. உலகத்துல விக்கற எல்லாச் சாமானுக்கும் ஒரு நம்பர். முதல் ஆறு இலக்கம் எல்லா நாட்டுக்கும் ஒண்ணு, நம்ம ஊர்ல இன்னும் ரெண்டு சேர்ந்து எட்டு. திருப்பூர்க்காரங்களுக்கு 61-வது அத்தியாயம் தூக்கத்துலயும் தெரியும், பின்னலாடை. 62 தறித் துணியில தைச்சது. பார்க்க ரெண்டும் சட்டைதான். ஆனா பின்னின ஆம்பளைச் சட்டை 6105, தறித் துணிச் சட்டை 6205. ஒரு இலக்கம் மாறினா டூட்டி மாறும், சரக்கு துறைமுகத்துல நிக்கும். ப்ரோகிராம்ல ஒரு செமிகோலன் விட்ட கதை. புவிசார் குறியீடு வாங்கின நம்ம கோயமுத்தூர் வெட் கிரைண்டருக்குக்கூட 8509-னு ஒரு நம்பர் இருக்கு. மாவாட்டற கல்லுக்கும் ஐ.நா. சபை மாதிரி ஒரு அடையாளம்!

அப்புறம் சென்சார், போர்டுன்னு வெளிநாட்டு வெப்சைட்ல ஆர்டர் போடற நம்ம இன்ஜினீயரிங் கூட்டத்துக்கு ஒரு விஷயம். 'கிஃப்ட்'னு எழுதச் சொன்னா வரி இல்லைங்கற பழைய ஐடியா 2019 டிசம்பரோட முடிஞ்சுது. ராக்கிக் கயிறுக்கும் உயிர் காக்கற மருந்துக்கும் மட்டும்தான் அந்தச் சலுகையை விட்டு வெச்சாங்க. சொந்த உபயோகத்துக்கு வரவழைக்கற பொருளோட சுங்க வரியை 20-ல இருந்து 10 சதவீதமாக் குறைக்கறதா 2026 பட்ஜெட்ல அறிவிச்சாங்க. அதுக்கு மேல ஐ.ஜி.எஸ்.டி. இருக்கு. ஆர்டர் போடறதுக்கு முன்னாடி இதைக் கூட்டிப் பாருங்க. பல நேரம் காந்திபுரம் எலெக்ட்ரானிக்ஸ் கடையிலயே சீப்பாக் கிடைக்கும்.

மாட்டிட்டா?

பொருளைப் பிடிச்சுட்டாங்க. என்ன பண்றது? கத்தாதீங்க, அழாதீங்க, "அவரைத் தெரியும், இவரைத் தெரியும்"னு போன் போடாதீங்க. பிடிச்சு வெச்சதுக்கு ரசீது, கைப்பற்றினதுக்கு மகஜர், ரெண்டோட காப்பியையும் கேட்டு வாங்குங்க. 108-வது பிரிவுல வாக்குமூலம் எழுதி வாங்குவாங்க. இது போலீஸ்ல கொடுக்கற வாக்குமூலம் மாதிரி இல்லை, கோர்ட்ல சாட்சியமா நிக்கும். அதனால படிச்சுப் புரியாத எதுலயும் கையெழுத்துப் போடாதீங்க. இங்கிலீஷ் தகராறுன்னா தமிழ்ல எழுதறேன்னு சொல்லுங்க.

கைப்பற்றின பொருளுக்கு ஆறு மாசத்துக்குள்ள நோட்டீஸ் கொடுக்கணும். காரணம் எழுதி இன்னும் ஆறு மாசம் நீட்டிக்கலாம். தடை செய்யப்படாத பொருள்னா, 125-வது பிரிவுப்படி அபராதம் கட்டி மீட்டுக்கற வாய்ப்பை அவங்க கொடுத்தே ஆகணும். தடை செய்யப்பட்டதுன்னா அது அவங்க விருப்பம். உத்தரவு பிடிக்கலையா, 60 நாளுக்குள்ள மேல்முறையீட்டு ஆணையர்கிட்ட போகலாம். எங்க டிரோன் விஷயத்துல இந்த 60 நாள் கணக்கு எங்களுக்குத் தெரிய வந்தது எழுபதாவது நாள் வாக்குல.

மினி புராஜெக்ட் என்ன ஆச்சுன்னு கேக்கறீங்களா? ஃப்ரேமைக் கணபதியில ஒரு சின்னப் பட்டறையில வெட்டி வாங்கினோம். மோட்டாரும் கன்ட்ரோலரும் இங்கேயே பில்லோட வாங்கினோம். முதல் ரிவ்யூவுல அது பறக்கலை. ரெண்டாவது ரிவ்யூவுல பறந்து ஹெச்.ஓ.டி. கார் மேல இறங்கிச்சு. மூணாவதுல பாஸ். அண்ணனுக்கு நாங்க போட்ட அபராதக் காசு பாக்கி இன்னும் கொஞ்சம் இருக்கு. மாசா மாசம் கொடுத்துட்டு இருக்கோம். வேண்டாம்னுதான் சொல்றார்.

அவர் போன மாசம் மறுபடியும் லீவுல வந்தார். இந்தத் தடவை நேரா சிவப்பு வழி. கவுன்ட்டர்ல பெட்டியைத் தூக்கி வெச்சு, சாக்லேட் எத்தனை பாக்கெட், சென்ட் எத்தனை, அப்பாருக்கு வாங்கின பி.பி. மெஷின் என்ன விலை எல்லாத்தையும் பில்லோட ஒப்பிச்சிருக்கார். அதிகாரி கொஞ்ச நேரம் அவரையே பார்த்துட்டு, "இதுக்கெல்லாம் எதுக்குப்பா இந்தப் பக்கம் வந்தே? பச்சையில போப்பா"ன்னு அனுப்பி வெச்சாராம்.